கடைசி வரிசைக்கு எரிகிற விளக்கு

நேற்று சாயங்காலம் கூலாயிலிருந்து தம்போய் வரைக்கும் நம் கம்பெனி பஸ் ஒன்றின் பின்னால் காரில் வந்தேன். மழை இல்லை. பனிமூட்டம் இல்லை. பக்கத்து நாட்டுக் காட்டுப் புகைகூட இல்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த பஸ்ஸின் பின்னால், மூட்டத்தில் போட வேண்டிய சிவப்பு ஃபோக் லைட் வழி முழுக்க எரிந்துகொண்டே வந்தது. தள்ளிப் போய்ப் பார்த்தேன், ஒதுங்கிப் பார்த்தேன். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அந்தச் சிவப்பு நின்றது.

தம்போய் டிராஃபிக் லைட்டில் என் காடியை விட்டு இறங்கிப் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் தட்டினேன்.

"தம்பி, பின்னாடி ஃபோக் லைட் எரியுது."

"தெரியும் ஆன்ட்டி. நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் நல்லா தெரியட்டும்னுதான். சேஃப்டிலா."

"என் கண்ணு அவிஞ்சு போச்சு. அணை."

"அலமாக்! காலைல ஆபீஸ்ல இருந்து ஒரு அக்கா போன் அடிச்சு உயிரை வாங்குது. மூட்டமா, லைட் போட்டியா, பின்னாடி யாராச்சும் தூங்குறாங்களான்னு. சாயங்காலம் நீங்களா?"

பச்சை விழுந்தது. போய்விட்டான். லைட்டை அணைக்கவில்லை.

பெயர் கேட்க நேரமில்லை. இதைப் படிக்கும்போது அவனுக்கே தெரியும்.

என் பெயர் பிலோமினா. இதே கம்பெனியில் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பணி அனுபவம் பற்றிப் பேசச் சொல்லி ஆபீஸில் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் நான் திட்டிவிடுவேன் என்று சொல்லி மறுத்தேன். எழுதியாவது கொடுங்கள் என்றார்கள். கொடுக்கிறேன். எழுத்திலும் திட்டுதான்.

கியர் மாற்றுவது, டயர் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு வேறு ஆள் சொல்லித் தருவார். நான் ஒரே ஒரு சுவிட்சைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் தட்டினால் உங்கள் முன்னால் ஒரு சின்ன மஞ்சள் அடையாளம் எரியும். உங்களுக்குத் தெரிவது அவ்வளவுதான். பஸ்ஸின் முதுகில் எரிகிற சிவப்பு உங்கள் கண்ணில் படவே படாது. அது உங்களுக்கான விளக்கு இல்லை. மூட்டத்தில் பின்னால் வருகிறவனுக்கு, இங்கே ஒரு பஸ் போகிறது, அதன் கடைசி வரிசையில் ஆள் இருக்கிறது என்று சொல்வதற்கான விளக்கு. அதைப் போடுகிறவன் வேறு, பார்க்கிறவன் வேறு, அதை நம்பித் தூங்குகிறவள் வேறு. இதைப் புரிந்துகொள்ளாத ஆளுக்கு லைசன்ஸ் யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்பேன்.

நான் ஓட்டிய காலத்தில் கூலாய்க்கு வடக்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு செனாய் தொழிற்சாலைக்குப் போவோம். இரண்டு பஸ். ஒன்று என்னுடையது, இன்னொன்று வீராவுடையது. வீரா நல்ல ஓட்டுநர். இதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு ஒருவனைப் பிடிக்காவிட்டால் நல்லவன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அலங்காரப் பைத்தியம். பஸ் முன்னால் வேல், பக்கத்தில் புலி, உள்ளே நீல விளக்கு. ஒருநாள் அவன் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்து, ஃபோக் லைட் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது, கம்பெனிக்காரன் இன்னொன்றை வைக்க மறந்துவிட்டான் என்று முடிவு செய்தான். அந்த பஸ்களில் அது ஓட்டுநர் பக்கம் ஒன்றுதான் இருக்கும். ஒன்றாக இருந்தால்தான் பிரேக் லைட்டோடு குழம்பாது. அதை யார் அவனுக்குச் சொல்வது? நான் சொன்னேன். "அக்கா, ஒத்தைக் கண்ணோட எவன் பஸ் ஓட்டுவான்?" என்று சிரித்தான். தம்போயில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டு பிரேக் லைட்டுக்கும் பக்கத்திலேயே பெரிதாக ஒவ்வொன்று பொருத்திக்கொண்டு வந்தான். அத்தோடு விடவில்லை. சாவி போட்டதுமே அவை எரிகிற மாதிரி வயரை இழுத்துவிட்டான்.

மற்ற ஓட்டுநர்களும் பார்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நம் கொட்டகையில் பாதி பஸ்ஸுக்கு அதே பட்டறையில் அதே விளக்கு. சாயங்காலம் வரிசையாக வந்து நின்றால் திருவிழாத் தேர் மாதிரி இருக்கும்.

அடுத்து நடந்தது ஒரு தெளிவான காலை. நான் வீராவின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் அந்த இரண்டு சிவப்பும் எரிந்தபடியே இருந்தன. எப்போதும் எரிகிற விளக்கை மனிதக் கண் கொஞ்ச நேரத்தில் மதிக்காமல் விட்டுவிடும். வீராவுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். மிதித்தது எனக்குத் தெரியவே இல்லை. சிவப்புக்குள் சிவப்பு. பஸ்ஸின் முதுகு திடீரென்று பெரிதாக வருவதைப் பார்த்துத்தான் புரிந்தது. நான் தள்ளியே வந்ததால் பிழைத்தோம். இடது பக்கம் புல்லில் இறக்கி நிறுத்தினேன். பஸ்ஸுக்குள் சாப்பாட்டுச் சட்டிகள் உருண்டன. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கஸ்தூரிக்கு நெற்றி வீங்கிவிட்டது.

கஸ்தூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்த பெண். வாய் என்றால் வாய். எப்போதும் என் பக்கத்து முன் சீட்டில்தான் உட்காருவாள். அவளுடைய பக்கத்து வீட்டுத் தோழி லெட்சுமி வீராவின் பஸ்ஸில் போவாள். லெட்சுமிக்கு வாயே இல்லை. ஏறினதும் கடைசி வரிசைக்குப் போய்ச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவாள். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், இங்கே ஓவர்டைம். அவளுக்குத் தூக்கம் கிடைப்பது பஸ்ஸில்தான்.

வீரா இறங்கி வந்தான். "என்னக்கா, தூங்கிட்டே ஓட்டுறீங்களா?"

எனக்கு முன்னால் கஸ்தூரி இறங்கிவிட்டாள். "யாருடா தூங்குறது? உன் பின்னாடி ரெண்டு அடுப்பை எரிய விட்டிருக்கே. நீ நிக்கிறியா போறியான்னு எந்தக் கடவுளுக்குத் தெரியும்?"

"லைட் இருந்தா கண்ணுக்குத் தெரியாதா? நல்லா இருக்கு நியாயம்."

"வந்து என் நெத்தியப் பாரு. நல்லா தெரியுதா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். வீராவுக்கு முகம் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவனைப் பார்த்தால் "அடுப்பு வர்றாரு" என்பார்கள். இதையும் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. ஒரு ஓட்டுநரைக் கேலி செய்து கேலி செய்து வைத்தால், பிறகு அவன் காது எதற்கும் திறக்காது.

விஷயம் ஆபீஸுக்குப் போனது. அப்போது இருந்த சூப்பர்வைசர் இப்போது இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? கூடுதலாகப் பொருத்தியதைக் கழற்றச் சொல்லியிருந்தால் சரி. எல்லா பஸ்ஸின் ஃபோக் லைட் வயரையும் வெட்டச் சொன்னார். பஸ்ஸோடு வந்த அந்த ஒற்றை விளக்கையும் சேர்த்து.

நான் போய்க் கேட்டேன். "சார், மூட்டம் வந்தா என்ன பண்றது?"

"மெதுவா ஓட்டுங்கக்கா."

"மெதுவா ஓட்டுனாத்தான் சார் பின்னாடி வர்றவன் வந்து இடிப்பான். அவன் மெதுவா வரணும்ல."

"அக்கா, யோசிக்க விட்டா ஆளாளுக்கு ஒரு மாதிரி பண்றாங்க. வயரை வெட்டிட்டா யாரும் யோசிக்க வேண்டியதில்ல. பிரச்சனை முடிஞ்சது."

"அப்ப ஸ்டியரிங்கையும் வெட்டிருங்க சார்."

வெளியே மெக்கானிக் வெட்டிக்கொண்டிருந்தார். என் பஸ்ஸின் விளக்கும் போனது. எங்களில் சிலர், மூட்டம் வந்தால் இரண்டு பக்கமும் சிமிட்டுகிற டபல் சிக்னல் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னார்கள். நம் ஊரில் மழை தூறினாலே எல்லாருக்கும் டபல் சிக்னல்தான். நெடுஞ்சாலை முழுக்கக் கண் சிமிட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் நீ நிற்கிறாயா, ஓடுகிறாயா, திரும்பப் போகிறாயா என்று எவனுக்கும் தெரியாது. நின்றுபோன வண்டிக்கு உள்ள விளக்கு அது. ஓடுகிற வண்டிக்கு இல்லை. இதுவும் உங்களுக்குத்தான்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் இரவெல்லாம் கொட்டிவிட்டு விடியும்போது நின்றிருந்தது. அப்படிப்பட்ட காலையில் செம்பனைக்குள் மூட்டம் எப்படி இறங்கும் என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேட்டில் ஒன்றும் இருக்காது. பள்ளத்தில் இறங்கினால் சுவர்.

நான் முன்னால், வீரா பின்னால். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் கண்ணாடியைப் பார்த்தேன். வீராவின் முன்விளக்கைக் காணவில்லை. கொஞ்சம் முன்புவரை இருந்தது. நான் எப்போதும் பார்ப்பது அதைத்தான். பின்னால் வருகிறவனின் முன்விளக்கு என் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தால் அவனுக்கும் என் பின்விளக்கு தெரியும், ஃபோக் லைட் தேவையில்லை. அவன் மறைந்துவிட்டால் அவனுக்கு நானும் மறைந்துவிட்டேன், உடனே போட வேண்டும். மறுபடி அவன் தெரிந்ததும் அணைக்க வேண்டும். எனக்கு முன்னால் வழி தெளிந்துவிட்டது என்பதற்காக அணைக்கக் கூடாது. அவன் இன்னும் பள்ளத்துக்குள் இருப்பான்.

கை சுவிட்சுக்குப் போனது. தட்டினேன். மஞ்சள் எரியவில்லை. வெட்டிய வயர்.

அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அந்த நேரத்துக்கு ஆலைக்குப் போகும். வேகத்தைக் குறைத்தால் எவனாவது முதுகில் ஏறுவான். குறைக்காவிட்டால் நான் எவன் முதுகிலாவது ஏறுவேன். சாலையில் நிறுத்துவது தற்கொலை. இடது பக்கம் ஒரு தோட்டத்துக்குள் போகிற மண்சாலை வரும் என்று தெரியும். சிக்னல் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே அதில் திருப்பி, சாலையை விட்டு நன்றாக உள்ளே போய் நிறுத்தினேன்.

"கஸ்தூரி, வீரா பஸ்ஸுக்குப் போன் அடி. இந்தத் தோட்டத்து வாசல்ல திரும்பச் சொல்லு."

அவள் லெட்சுமிக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. "செத்த பொணம் மாதிரி தூங்குவா அவ" என்று சொல்லிவிட்டு அந்த பஸ்ஸில் இருந்த வேறொருத்திக்கு அடித்தாள். கொஞ்ச நேரத்தில் வீராவும் திரும்பி எங்கள் பக்கத்தில் வந்து நின்றான்.

நான் ஜன்னலைத் திறந்து சொன்னேன். "வெயில் ஏறட்டும் வீரா. மூட்டம் விலகினதும் போலாம்."

"அக்கா, போன வாரமும் லேட்டு. இன்னொரு தடவைன்னா இந்த ரூட்டே உனக்கு இல்லன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"ரூட்டு போனா போகுது."

"உங்களுக்கு ரிட்டையர் ஆகப் போற வயசு. எனக்கு அப்படி இல்ல."

என் பஸ்ஸுக்குள்ளும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. லேட்டானால் அந்த மாத வருகைப் படி போய்விடும், லைன் லீடர் எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டுவார். ஒரு பெண் அழுதாள். கஸ்தூரி எழுந்து கதவுக்குப் போய் நின்றாள்.

"கதவைத் திறங்கக்கா. நாங்க வீரா பஸ்ல போறோம்."

"திறக்க மாட்டேன்."

"இது என்ன உங்க அப்பன் வீட்டு பஸ்ஸா?"

"இப்ப என் பஸ்தான். உட்காரு."

அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கதவு சுவிட்சு ஓட்டுநர் கையில்தான் இருக்கிறது. ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள் என்று அன்று நன்றாகப் புரிந்தது. நாற்பது பேர் உன்னை வெறுத்தாலும் மூடியது மூடியதாகவே இருக்க வேண்டிய நேரம் வரும். நல்ல பெயர் வாங்க நினைக்கிறவன் பஸ் ஓட்ட வரக் கூடாது.

வீரா கியர் போட்டுவிட்டான். நான் கத்தினேன். "போறதா இருந்தா கடைசி ரெண்டு வரிசையையும் காலி பண்ணிட்டுப் போ! உனக்குப் பின்னாடி விளக்கு இல்லடா!"

அவன் என்னைப் பார்த்தான். கோபத்தில் இருந்தாலும் அதைக் கேட்டான். திரும்பி, "பின்னாடி இருக்கறவங்க எல்லாம் முன்னாடி வாங்க, நின்னுட்டு வந்தாலும் பரவால்ல. அக்கா பயப்படுது" என்றான். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. பெண்கள் முனகிக்கொண்டே எழுந்து முன்னால் வந்தார்கள். பஸ் மூட்டத்துக்குள் போய்விட்டது.

கஸ்தூரி படியிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு லோரி சாலையில் போகிற சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய லோரி, சரிவில் இறங்குகிற சத்தம். அடுத்து இன்னொரு சத்தம். அதை வர்ணிக்க மாட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்காமலே நீங்கள் எல்லாரும் ஓய்வு பெற வேண்டும்.

நானும் கஸ்தூரியும் புல்லோரமாகவே ஓடினோம். லோரி வீராவின் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தின்றிருந்தது. கடைசி இரண்டு வரிசையும் ஒன்றாக மடிந்து கிடந்தன. சாலையெல்லாம் செம்பனைக் குலை. முன்னால் நின்றவர்களுக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்குப் பல் போனது. லோரி ஓட்டிய மலாய்க்காரர் புல்லில் உட்கார்ந்து, "தக் நம்பாக், கக். தக் நம்பாக்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தெரியவே இல்லை அக்கா, தெரியவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. தெரிய வைக்க வேண்டிய விளக்கை நாங்கள் வெட்டி வைத்திருந்தோம்.

வீரா எண்ணிப் பார்த்தான். ஒரு ஆள் குறைந்தது.

லெட்சுமி கடைசி வரிசையிலேயே இருந்தாள். எல்லாரும் எழுந்து வந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவளை எழுப்பவில்லை. பாவம், ராத்திரி முழுக்க மாமியாரோடு முழித்திருப்பாள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாளாம். நல்ல எண்ணம்தான். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுநர் எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். இருந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தால் தூங்குகிறவளுக்குக் கேட்காது.

உயிரோடு வெளியே எடுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அப்புறம் விசாரணை. ஓட்டுநர்கள் தாங்களாக விளக்கில் கை வைத்தார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். வீராவும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், தம்போய் பட்டறைக்குப் போனது அவன்தானே என்ற நினைப்பில். நான் போலீஸ்காரரிடம் நேராகச் சொன்னேன். "பொருத்தினது அவன். வெட்டினது கம்பெனி. என் பஸ் கொட்டகையில நிக்குது, வந்து பாருங்க. அதுல நான் எதையும் பொருத்தல. ஆனா வயர் வெட்டியிருக்கு." வந்து பார்த்தார்கள். சூப்பர்வைசர் வேறு வேலை தேடிக்கொண்டார். எல்லா பஸ்ஸிலும் ஒற்றை விளக்கு திரும்பி வந்தது. வீரா அதற்குப் பிறகு பயணிகளை ஏற்றவில்லை. தானாகவே கொட்டகை வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். தினமும் பஸ் வெளியே போவதற்கு முன்னால் பின்னால் நின்றுகொண்டு, "பிரேக் அடி, ஃபோக் போடு, அணை" என்று உங்களைப் பார்த்துக் கத்துகிற ஆள் இருக்கிறாரே, அவர்தான். எரிச்சல் வரும். வரட்டும்.

கஸ்தூரி என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு மூட்டம் இறங்கிய நாளில் எல்லாம் நான் சொல்வதற்கு முன்பே எழுந்து கடைசி வரிசைக்குப் போவாள். தூங்குகிறவளைத் தோளைப் பிடித்து உலுக்குவாள். "எழுந்திரிடி, முன்னாடி வந்து தூங்கு." பாவம் எல்லாம் பார்க்க மாட்டாள்.

லெட்சுமிக்கு லைனில் நிற்க முடியாது. தொழிற்சாலை நிறுத்திவிட்டது. நம் ஆபீஸில் வேலை கொடுக்கச் சொல்லி நான் எத்தனை தடவை போய் மேசையைத் தட்டினேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியில் என் தொல்லை தாங்காமல் கொடுத்தார்கள். காலையில் பஸ்களுக்குப் போன் செய்து வானிலையும் ஆளையும் விசாரிக்கிற வேலை. அந்த வாயில்லாப் பெண்தான் இப்போது தினமும் உங்களிடம் பேசுகிறாள். தம்போய் டிராஃபிக் லைட்டில் என்னிடம் உயிரை வாங்குகிறாள் என்று சொன்னாயே தம்பி, அது அவள்தான்.

நாளைக் காலை போன் அடிக்கும். ஓரமாக நிறுத்திவிட்டு எடு. மூட்டமா என்று கேட்பாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொல். லைட் போட்டியா என்பாள். தேவையானால் போடு, தேவையில்லாவிட்டால் அணை, அதைச் சொல். கடைசியாக, "பின்னாடி யாராச்சும் தூங்குறாங்களா?" என்று கேட்பாள்.

அதற்கு மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்லாதே. எழுந்து பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். அவள் காத்திருப்பாள்.